கிருமி செல்லுக்குள் நுழைவதை ஆராயும் வேலை: கொங்குப் பக்கத்து மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

கிருமி செல்லுக்குள்ள எப்படிப் போகுதுன்னு பாக்கறதுக்கு ஒரு ஆயுசே வேணுங்களா? அதுல அப்படி என்னங்க சோலி?

ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு வழி என்பதால்தான் இத்தனை வேலை. டைபாய்டுக்கு உறவுக்காரக் கிருமியான சால்மோனெல்லா டைஃபிமியூரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது குடல் செல்லை இடித்துக்கொண்டு உள்ளே போவதில்லை, செல்லே தன்னை விழுங்கும்படி செய்துவிடுகிறது. அதன் உடம்பில் ஊசி போன்ற ஓர் அமைப்பு உண்டு. மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்பார்கள். அதன் வழியே சாப்-ஈ, சாப்-பி போன்ற புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தும். செல்லின் உருவத்தைத் தாங்கும் ஆக்டின் இழைகள் கலைந்து மறுபடி கூடும், மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக எழும்பிக் கிருமியைப் போர்த்தி உள்ளே இழுத்துக்கொள்ளும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். உள்ளே ஒரு பைக்குள் உட்கார்ந்ததும் இரண்டாவது ஊசி அமைப்பு வேலையைத் தொடங்கி, அந்தப் பையைத் தங்கிப் பெருகும் வீடாக மாற்றும்.

லிஸ்டீரியாவுக்குப் பைக்குள் இருப்பு கொள்ளாது. லிஸ்டீரியோலைசின் என்ற நச்சால் பையைக் கிழித்து வெளியே வந்து, ஆக்டினை வால்போல் பின்னால் வளர்த்து, அந்த உந்துதலில் பக்கத்துச் செல்லுக்குப் போய்விடும். காசநோய்க் கிருமி தன்னை விழுங்கிய காவல் செல்லான மேக்ரோஃபேஜின் பை முதிராதபடி நிறுத்திவைக்கும். காலரா கிருமியோ உள்ளே நுழைவதே இல்லை. அதன் நச்சு மட்டும் போய் வேலையை முடித்துவிடும். கொல்கத்தாவில் சம்பு நாத் டே முயல் குடலின் ஒரு பகுதியைக் கட்டிவைத்துச் செய்த சோதனையில் 1959இல் காட்டியது இதைத்தான். இந்தத் துறைக்கு வருகிறவர் பெரும்பாலும் இவற்றில் ஒரு கிருமியின் ஒரு புரதத்தோடு பத்து வருஷம் மல்லுக்கட்டுவார். அது பிடிக்காதவருக்கு இது சரிப்படாது.

ஒரு மரபணுதான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

1985இல் ரால்ஃப் இஸ்பெர்க்கும் ஸ்டான்லி ஃபால்கோவும் யெர்சினியா கிருமியின் ஒரே ஒரு மரபணுவை எடுத்து, செல்லுக்குள் நுழையத் தெரியாத ஆய்வக ஈ. கோலையில் வைத்தார்கள். அதுவும் நுழையத் தொடங்கிவிட்டது. இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. 1988இல் ஃபால்கோ இதற்கான விதிகளை வகுத்தார். மரபணுவை நீக்கினால் நோய் உண்டாக்கும் திறன் குறைய வேண்டும், திருப்பி வைத்தால் அந்தத் திறன் மீள வேண்டும். மாணவர்கள் தவறவிடுவது இரண்டாவது பாதியை. நீக்கியதும் செல்லுக்குள் போன கிருமியின் எண்ணிக்கை குறைந்தது என்று காட்டிவிட்டுக் கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். நீக்கும்போது அடுத்த மரபணுவும் கெட்டிருக்கலாம், அல்லது கிருமி பொதுவாகவே மெதுவாக வளரலாம். எனவே கிருமி வளர்க்கும் வெறும் லூரியா கரைசலில் மூலக் கிருமி, மரபணு நீக்கிய கிருமி இரண்டின் வளர்ச்சியையும் ஒப்பிட்ட வரைபடமும், மரபணுவைத் திருப்பி வைத்த வகையின் முடிவும் இல்லாமல் எந்த முடிவையும் நம்பாதீர்கள். அது உங்கள் சொந்த முடிவாக இருந்தாலும் சரி.

எங்க ஊருக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

நாமக்கல் கோழிப்பண்ணைகளே போதும். கோழி டைபாய்டை உண்டாக்கும் சால்மோனெல்லா கேலினேரமும், முட்டை வழியே குஞ்சுக்குப் போகும் புல்லோரமும் மேலே சொன்ன ஊசி அமைப்பை உடையவைதான். ஆனால் இரண்டுக்கும் நீந்தும் வால் கிடையாது. அந்த வாலின் புரதமான ஃபிளாஜெலினை வைத்துத்தான் உடம்பின் காவல் செல்கள் பல கிருமிகளை அடையாளம் காண்கின்றன. வால் இல்லாத கிருமி அந்தக் கண்ணில் படாமல் போகலாம். நல்ல முனைவர் பட்டக் கேள்விகள் இங்கிருந்தே கிளம்பும்.

மாட்டில் கன்று வீச்சு நோய் உண்டாக்கும் புரூசெல்லாவும் செல்லுக்குள் வாழும் கிருமிதான். காய்ச்சாத பால், கன்று போட்ட மாட்டின் நச்சுக்கொடி ஆகியவற்றின் வழியே மனிதருக்கும் வரும். பட்டியிலேயே பார்க்கக்கூடிய நோய் என்றாலும், அதை வளர்த்து ஆராய மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். கல்லூரி லேபில் முயலவே கூடாது.

இடையில் ஒன்று: நம் ஊரில் கோழிக்கு வரும் ‘வெள்ளைக் கழிச்சல்’ என்பது ராணிக்கெட் நோய், வைரஸால் வருவது. புல்லோரம் நோய்க்கும் ஆங்கிலத்தில் வெள்ளைப் பேதி என்று பொருள்படும் பழைய பெயர் ஒன்று இருப்பதால் நேர்முகத் தேர்வில் இரண்டையும் குழப்புகிறவர்கள் உண்டு.

பிளஸ் டூ முடித்தபின் எந்தப் படிப்பு?

பி.எஸ்சி. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பம் எதுவானாலும் சரி, பி.டெக். படித்தவர்களும் வருகிறார்கள். கால்நடை மருத்துவம் படித்தவர்களை இந்தத் துறை மறந்துவிடுகிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் ஐந்தரை ஆண்டு படித்து முதுகலையில் நுண்ணுயிரியல் எடுத்தவருக்கு விலங்கு உடலும் நோயும் கையில் இருக்கும். அந்த அறிவு மற்றவர்களுக்கு லேசில் வராது. முதுகலைக்குப் பாரதியார் பல்கலைக்கழகம், பெரியார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கின்றன. வெளியே போக நினைத்தால் ஐ.ஐ.டி.களுக்கும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு, மத்திய உயிர்தொழில்நுட்பத் துறை உதவிபெறும் முதுகலை இடங்களுக்கு கேட்-பி.

நெட் தேர்வு இல்லாமல் முடியாதா? பணம் எவ்வளவு வரும்?

சில நிறுவனங்கள் தனித்தேர்வு வைக்கின்றன. ஆனாலும் சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கியவருக்குக் கதவு சீக்கிரம் திறக்கும், காரணம் சம்பளத்தைக் கையோடு கொண்டுவருகிறார். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப்பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) 42,000. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தனி.

உயிரியல் தாள் 200 மதிப்பெண். முதல் பகுதியில் 15, இரண்டாவதில் 35, மூன்றாவதில் 25 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். மூன்றாவது பகுதி மட்டும் 100 மதிப்பெண், கேள்விக்கு 4. அதில் கேட்பதெல்லாம் சோதனை முடிவைப் படித்துப் பொருள் சொல்வது. மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. தவறான விடைக்குக் கால்பங்கு போய்விடும் என்பதால் ஊகத்தில் குறிக்காதீர்கள்.

நுழைந்த கிருமியை எப்படி எண்ணுகிறார்கள்? முழு முறையும் சொல்ல முடியுமா?

இதுதான் இந்தத் துறையின் அன்றாடச் சமையல். ஜென்டாமைசின் பாதுகாப்புச் சோதனை என்று பெயர். ஜென்டாமைசின் மருந்து குறுகிய நேரத்தில் நம் செல்லுக்குள் அவ்வளவாகப் போகாது. ஆகவே வெளியே இருக்கும் கிருமி சாகும், உள்ளே போனது பிழைக்கும். பிழைத்ததை எண்ணினால் விடை கிடைத்துவிடும்.

முந்தைய நாள் மாலை 24 குழித் தட்டில் ஒரு குழிக்கு ஹீலா செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்) 1 லட்சம் வீதம் போடுங்கள். கூடுதலாக ஒரு குழி வையுங்கள். மறுநாள் அதை டிரிப்சின் நொதியால் பிரித்து எண்ணினால்தான் உண்மையில் எத்தனை செல் இருக்கிறது என்று தெரியும். ‘போட்டது ஒன்று, ஆகவே இன்று இரண்டு’ என்ற கணக்கு அடிக்கடி பொய்க்கும். செல் ஊடகத்தில் பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் இருந்தால் காலையிலேயே எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் இல்லாத ஊடகத்துக்கு மாற்றுங்கள். இந்த ஒரு படியை மறந்து ‘என் கிருமி நுழையவே மாட்டேன் என்கிறது’ என்று மாதக்கணக்கில் அலைந்தவர்கள் பலர்.

கிருமியை இரவே உறை ஊற்றிய தயிர்போல வளர விட்டு, காலையில் 30 மடங்கு நீர்த்து மூன்று முதல் மூன்றரை மணி நேரம் குலுக்கலில் வளருங்கள். இரவுக் கல்ச்சரை அப்படியே போட்டால் நுழைவு ஊசி சரியாகத் தயாராகியிருக்காது. செல்லுக்குப் பத்துக் கிருமி என்பது வழக்கமான விகிதம். குழியில் 2 லட்சம் செல் என்றால் 20 லட்சம் கிருமி வேண்டும். கல்ச்சரில் மில்லிலிட்டருக்கு 100 கோடி இருக்கிறது, குழிக்கு அரை மில்லிலிட்டர் ஊற்றுகிறீர்கள் என்றால் தேவை மில்லிலிட்டருக்கு 40 லட்சம். அதாவது 250 மடங்கு நீர்த்தல். அந்த 100 கோடி என்பது ஒளியடர்த்தியை (கரைசல் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்ற அளவு) வைத்துச் செய்த ஊகம்தான். ஊற்றிய கரைசலையும் அன்றே அகார் தட்டில் பரப்பி எண்ண வேண்டும். உங்கள் விகிதத்தின் அடிப்பகுதி அந்த எண்தான், அதைக் கோட்டைவிட்டால் மேலே என்ன வந்தும் பயனில்லை.

ஊற்றியபின் குழித் தட்டைச் சென்ட்ரிஃபியூஜில் மெதுவான வேகத்தில் ஐந்து நிமிடம் சுழற்றுங்கள். எல்லாக் கிருமியும் ஒரே நேரத்தில் செல்லைத் தொடும். கேலினேரம் போன்ற வாலில்லாத கிருமிக்கு இது கட்டாயம், இல்லாவிட்டால் நீந்த முடியாததை நுழைய முடியாதது என்று தப்பாகப் படிப்பீர்கள். பிறகு 37 டிகிரியில் 30 நிமிடம்.

வெதுவெதுப்பான பி.பி.எஸ். (உப்பு பஃபர் கரைசல்) கொண்டு மூன்று முறை, குழியின் சுவரோரமாக ஊற்றிக் கழுவுங்கள். குளிர்ந்ததை நேராக ஊற்றினால் செல் உரிந்து வந்துவிடும். அடுத்து மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் ஒரு மணி நேரம். சோதனை இன்னும் நீளுமானால் அதன்பின் 10 முதல் 20 மைக்ரோகிராமுக்குக் குறைத்துவிடுங்கள். 100லேயே இரவு முழுக்க விட்டால் செல் தானாக உறிஞ்சும் நீரோடு மருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், உங்கள் கிருமியையும் கொன்றுவிடும்.

மறுபடி கழுவி, செல்லை உடைக்கும் 0.1 சதவீத டிரைட்டன் எக்ஸ்-100 கலந்த பி.பி.எஸ். 1 மில்லிலிட்டர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, பிபெட்டால் நன்றாக அடித்துக் கலக்குங்கள். அதைப் பத்துப்பத்தாக நீர்த்து 100 மைக்ரோலிட்டர் அகார் தட்டில் பரப்புங்கள். 30 முதல் 300 காலனி (ஒரு கிருமி பெருகி உண்டாகும் புள்ளி) வரும் தட்டைத்தான் எண்ண வேண்டும். 100 மடங்கு நீர்த்ததில் 84 காலனி வந்தால் 84 பெருக்கல் 10 பெருக்கல் 100, ஆக குழிக்கு 84,000. ஊற்றியது 20 லட்சம் என்றால் நுழைவு 4.2 சதவீதம்.

கன்ட்ரோல் எதெது வைக்கணும்?

ஒப்பிட்டுப் பார்க்க மூன்று வேண்டும். நுழையத் தெரியாத ஒன்று: நுழைவு ஊசிக்குத் தேவையான இன்வ்-ஏ மரபணு நீக்கிய சால்மோனெல்லா அல்லது சாதாரண ஆய்வக ஈ. கோலை. கிருமி போடாத ஒரு குழி. செல்லே இல்லாமல் கிருமியும் ஜென்டாமைசினும் மட்டும் உள்ள ஒரு குழி. இந்தக் கடைசிக் குழியில் ஒரு மணி நேரத்துக்குப்பின் காலனி வந்தால் மருந்து வேலை செய்யவில்லை, அன்றைய முடிவு முழுக்கக் குப்பை. பண்ணையிலிருந்து எடுத்த கிருமி ஜென்டாமைசினுக்கே எதிர்ப்பு உள்ளதாக இருக்கலாம், அதை முதல் வாரமே பார்த்துவிடுங்கள். மரபணுவைத் திருப்பி வைக்க ஜென்டாமைசின் எதிர்ப்புள்ள பிளாஸ்மிடை (மரபணுவைச் சுமக்கும் சிறு டி.என்.ஏ. வளையம்) தேர்ந்தெடுப்பது தன் காலில் தானே கோடாலி போட்டுக்கொள்வது.

நாளுக்கு நாள் எண் மாறுகிறது. என்ன கோளாறு?

முதல் சந்தேகம் மைக்கோபிளாஸ்மா. அது செல்லில் ஒட்டிக்கொண்டு வாழும், ஊடகத்தைக் கலங்கவைக்காது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. மாதம் ஒருமுறை பி.சி.ஆர். செய்து பார்த்தால்தான் பிடிபடும். அடுத்தது செல்லின் வயது: எத்தனை முறை பிரித்து மாற்றினீர்கள் என்று புட்டியிலேயே எழுதுங்கள், எண்ணிக்கை ஏறினால் உறைநிலையிலிருந்து புதிதாக எடுங்கள். மூன்றாவது ஊடகத்தில் கலக்கும் சீரம், புட்டியின் தொகுதி மாறினால் செல்லின் போக்கே மாறும்.

மேக்ரோஃபேஜில் இதே சோதனை செய்பவருக்கு வேறு தொல்லை. நன்கு வளர்ந்துகொண்டிருக்கும் சால்மோனெல்லாவைப் போட்டால் ஊசியையும் ஃபிளாஜெலினையும் அடையாளம் கண்டு மேக்ரோஃபேஜ் தானே வெடித்துச் செத்துவிடும். உள்ளிருந்த கிருமி வெளியே வந்து மருந்தில் சாகும். எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்து ‘மேக்ரோஃபேஜ் கிருமியைக் கொன்றுவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். அங்கே இரவுக் கல்ச்சரைப் பயன்படுத்துவது இதனால்தான். 2 மணி நேர எண்ணையும் 16 மணி நேர எண்ணையும் ஒப்பிட்டுப் பெருக்கத்தைச் சொல்வது வழக்கம்.

இன்னொன்று, ஒரே நாளில் மூன்று குழி வைத்தால் அது மூன்று சோதனை ஆகாது. ஒரே கல்ச்சர், ஒரே செல், ஒரே கை. மூன்று தனித்தனி நாள் செய்து நாளுக்கு ஒரு சராசரி எடுத்தால் உங்கள் மாதிரி எண்ணிக்கை 3. அதை 9 என்று எழுதிப் புள்ளியியல் போடுவது பட்டம் பெற்றவர்களிடமும் காணும் பிழை.

மரபணு நீக்கும் சோதனை கோடையில் மட்டும் படுத்துவது ஏன்?

பலர் இதைக் கைராசி என்று நினைக்கிறார்கள். 2000இல் டாட்செங்கோவும் வானரும் வெளியிட்ட முறையில் பயன்படும் பி.கே.டி.46 பிளாஸ்மிட் 30 டிகிரியில்தான் நிலைக்கும். 37க்குப் போனால் கழன்றுவிடும். ஈரோட்டிலும் கரூரிலும் ஏப்ரல், மே மாதம் ஆய்வக அறையே 35 டிகிரிக்கு மேல் கிடக்கும். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. முகப்பில் 30 என்று வைத்தாலும் உள்ளே 36 இருக்கும். குளிர்விக்கும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டரில் வையுங்கள், உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டரும் இருக்கட்டும். நீக்கம் கிடைத்தபின் கிருமியைத் தாக்கும் வைரஸான பி22 ஃபேஜ் மூலம் அதைப் புதிய சால்மோனெல்லாவுக்கு மாற்றிக்கொண்டால், இடையில் எங்கேனும் நேர்ந்த வேறு மாற்றங்கள் கூடவே வந்து குழப்பாது.

ஆட்டோகிளேவுக்கும் ஒரு வார்த்தை: நம் பக்கத்துப் போர்வெல் உப்புத்தண்ணியை ஊற்றினால் சூடாக்கும் சுருளில் உப்பு படிந்து சீக்கிரம் போய்விடும். வடிநீர் ஊற்றுங்கள்.

புள்ளைக்கு நோய் ஒட்டிக்காதுங்களா?

முறைப்படி செய்தால் ஆபத்து குறைவு, இல்லையென்று சொல்ல முடியாது. டைஃபிமியூரியம் இரண்டாம் நிலைப் பாதுகாப்பில் கையாளும் கிருமி. கவனிக்க வேண்டியது கருவியின் பெயர். பல கல்லூரிகளில் இருக்கும் லேமினார் காற்றோட்ட மேசையில் காற்று உள்ளிருந்து வேலை செய்பவர் முகத்தை நோக்கி வரும். அது மாதிரியைக் காக்கும், உங்களைக் காக்காது. நோய்க்கிருமிக்கு வேண்டியது இரண்டாம் வகை உயிர்ப்பாதுகாப்புக் கேபினட். அதற்கு ஆண்டுதோறும் சான்று புதுப்பித்திருக்கிறார்களா என்று கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கிருமித் திரவத்தை அன்றன்று கலந்த ஹைப்போகுளோரைட்டில் அரை மணி நேரம் விடுங்கள். பழைய கரைசலில் குளோரின் போயிருக்கும். கிருமிக்கழிவை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைக்கும்போது ஊடகத்துக்குத் தரும் 15 நிமிடம் போதாது, அரை மணிக்குக் குறையக் கூடாது.

கைடை எப்படிப் பார்த்துச் சேர்வது?

அவருடைய கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகளில் முதல் பெயராக மாணவர் இருக்கிறாரா, வெளியேறிய மாணவர்கள் இப்போது எங்கே, எத்தனை ஆண்டில் முடித்தார்கள். இந்த மூன்றும் தெரிந்தால் போதும். சேர்வதற்குமுன் அங்கிருக்கும் மாணவர் ஒருவரோடு தனியாக டீ குடியுங்கள், இணையதளம் சொல்லாததை அவர் சொல்வார்.

முதுகலை புராஜெக்டைக் காசுக்கு முடித்துத் தருகிற மையங்கள் உண்டு. மூன்று மாதத்தில் அச்சடித்த புத்தகம் கைக்கு வரும், கை மட்டும் பழகியிருக்காது. நேர்முகத்தில் ‘250 மடங்கு எப்படி நீர்ப்பீர்கள்?’ என்ற ஒரே கேள்வியில் வெளுத்துவிடும். அதற்குப் பதில் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து தரும் இரண்டு மாதக் கோடைகால ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். அதில் அவர்களே உதவித்தொகை தருவார்கள்.

பொண்ணுக்கு அஞ்சு வருசம் பி.எச்டி.ன்னா கல்யாணம், கொழந்தை எல்லாம் என்னங்க ஆகறது?

பல்கலைக்கழக மானியக்குழு விதிப்படி முனைவர் பட்டக் காலத்தில் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. விதி தெரியாத அலுவலகத்தில் அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கருவுற்றிருப்பவர் லிஸ்டீரியாவைக் கையாளவே கூடாது, அது நச்சுக்கொடியைத் தாண்டிக் கருவைத் தாக்கும். அந்த மாதங்களில் படப் பகுப்பாய்வு, எழுத்து, மரபணு வரிசை ஒப்பீடு என்று வேலையைத் திருப்பிக்கொள்ளலாம். இதைத் தயங்காமல் கைடிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முனைவர் ஆனபின் என்ன வேலை?

வெளிநாட்டில் மூன்று முதல் ஐந்து ஆண்டு முதுமுனைவர் ஆய்வு, பிறகு ராமலிங்கசுவாமி ஃபெல்லோஷிப் அல்லது இந்தியா அலையன்ஸ் நிதி பெற்றுத் திரும்பிச் சொந்த ஆய்வகம் அமைப்பது ஒரு வழி. அதில் இடம் கிடைப்பவர் சிலரே, இதை மறைப்பதில் பயனில்லை. தடுப்பூசி நிறுவனங்கள், கால்நடை மருந்து மற்றும் நோயறிதல் நிறுவனங்கள் செல் கல்ச்சர் தெரிந்தவரை எடுக்கின்றன. மருத்துவமனை நுண்ணுயிரியல் துறையில் நோயாளியின் அறிக்கையில் கையெழுத்திடும் பொறுப்பு மட்டும் வேறு வகைத் தகுதி. அதை நம்பி இந்தப் பாதையில் வராதீர்கள்.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, தமிழ்வழியில் படித்தவன். இப்போதே என்ன தொடங்கலாம்?

ஆங்கிலக் கட்டுரைகளின் முன்னுரையை விட்டுவிட்டுச் செய்முறைப் பகுதியை மட்டும் வாரம் ஒன்று படியுங்கள். ஒரே மாதிரி ஐம்பது வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வரும், மூன்று மாதத்தில் பிடிபட்டுவிடும். கல்லூரி லேபில் தீங்கற்ற கே-12 ஈ. கோலை வாங்கி, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒளியடர்த்தியும் காலனி எண்ணிக்கையும் எடுத்து வளர்ச்சி வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு நீர்த்தலுக்கும் பிபெட் முனையை மாற்றுங்கள். ஒரே முனையால் செய்தால் ஒட்டியிருக்கும் கிருமி கீழ்நீர்த்தலுக்குப் போய் எண்ணைக் கூட்டிக் காட்டும். மூன்று வெவ்வேறு நாள் செய்து, ஒரே ஒளியடர்த்தியில் வந்த மூன்று காலனி எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். இரண்டு மடங்குக்குமேல் வித்தியாசம் இருந்தால் நான்காவது முறை செய்யுங்கள்.